கழன்று விழுந்த சக்கரம்

இராசபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். மழைக்குப்பின் ஓடை நிறைந்திருந்த ஒரு ஞாயிறு மாலை குடும்பத்துடன் சென்றிருந்தோம். நீராடிவிட்டுப் பாறைமேல் அமர்ந்து புளிச்சோற்றைப் பிரிக்கையில், தலைக்கு மேலே சிறு விமானம் ஒன்றின் இரைச்சல் கேட்டது. "அதன் சக்கரம் கழன்றுவிட்டால் எங்கே இறங்குவார்கள்?" என்றான் எங்கள் இளைய மகன்.

சுற்றிலும் பாறையும் மரமும்தான். சிரிக்க மனம் வரவில்லை. அப்படி ஒன்று நடந்ததே!

2021 மே 6 அன்று, நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு நாக்பூரிலிருந்து புறப்பட்ட சிறு விமானம் மேலெழும்போதே அதன் சக்கரம் ஒன்று கழன்று விழுந்தது. நிலையத்தில் காவலுக்கு நின்ற வீரர் ஒருவர் அதைக் கண்டு உடனே அறிவித்தார். மாட்டு வண்டியில் கடையாணி போனால் வழியில் நிறுத்திக்கொள்ளலாம். வானில் அது ஆகுமா? சக்கரம் குறைந்த நிலையில் தரை தொட்டால் விமானம் ஒருபுறம் சாய்ந்து சுழன்றுவிடக்கூடும். ஆகவே விமானி எஞ்சிய சக்கரங்களையும் விரிக்காமல், தீ மூளாதிருக்க நுரை பரப்பப்பட்ட மும்பை ஓடுபாதையில், அடிவயிறு உராய இறக்கினார். உள்ளிருந்த ஐவரும் உயிர் தப்பினர்.

விமானியை நாடே பாராட்டியது, தகும். ஆயினும் எம் மனத்தில் நின்றவர் அந்தக் காவலரே. அந்நொடியில் அவர் வேறெங்கோ பார்த்திருந்தால்?

பேச்சினிடையே சிறுவன் மீண்டும் ஓடையில் இறங்கிவிட்டான். அவன் அன்னை உண்பதை விட்டெழுந்து, பாறை விளிம்பில் போய் நின்றுகொண்டாள்.