ஒற்றைக்கால் தாவல்

எடா எர்டெம் ஆடுவதை முதன்முதலில் கைபேசியில்தான் பார்த்தேன். அப்போது அவர் துருக்கிப் பெண்கள் வாலிபால் அணியின் கேப்டன். பந்தைத் தூக்கிக் கொடுப்பவருக்குப் பின்புறமாக, வலையை ஒட்டி ஓடுகிறார். ஓட்டம் நிற்காமலே இடது காலை மட்டும் ஊன்றி எழும்பி அடிக்கிறார். 'ஸ்லைடு' என்று அதற்குப் பெயராம். எனக்கு எங்கள் எஸ்டேட்டின் எதிர் லைன் வீட்டு அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் சமதரை கிடையாது. லைன் வீடுகளுக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம், அதுவும் ஒரு பக்கம் சரிவு. பந்து தப்பினால் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு ஓடைவரை போய்விடும். எடுத்து வருவது சின்னப் பிள்ளைகளான எங்கள் வேலை. அக்கா பகலெல்லாம் கொழுந்து பறிப்பார். சாயங்காலம் எடை போட்டு முடித்த கையோடு ஆட வந்துவிடுவார். பனிமூட்டம் ஏறினால் வலை தெரியாது. கிடைப்பது அரைமணி நேரம். அந்த மண்ணில் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றினால் வழுக்கும். அதனால் ஒற்றைக் காலில் எழும்பப் பழகினார். ஊட்டியில் ஒரு போட்டிக்குப் போனபோது ஒரு விளையாட்டு ஆசிரியர், "இப்படித் தாவக் கூடாது, ரெண்டு காலையும் சேர்த்துக் குதிம்மா" என்று திருத்தினார். அக்கா தலையாட்டிக்கொண்டார். மறுநாளும் ஒற்றைக் காலில்தான் தாவினார். தை மாதம் கல்யாணம். அதற்குப் பிறகு ஆடவில்லை.

எடா 1987இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். 2008இல் பெனர்பாச்சே கிளப்பில் சேர்ந்தார். 2023இல் நேஷன்ஸ் லீக், ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இரண்டையும் துருக்கி வென்றது அவர் தலைமையில்தான். 2025 உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் இத்தாலியிடம் தோற்றபோது அவருக்கு வயது 38. அந்த வயதுவரை ஆட்டமே தொழிலாக இருந்திருக்கிறது. துருக்கியும் தேயிலை நாடுதான். கருங்கடலோரம் ரிஸே மலைச்சரிவுகளின் படங்களைப் பார்த்தால் கோத்தகிரி என்றே சொல்வோம்.

திறமைக்குப் பின்னால் சம்பளம் கொடுக்க ஒருவர் வேண்டும். இஸ்தான்புல்லின் வக்கிப்பேங்க் அணி ஒரு வங்கியினுடையது. பெண்கள் வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1964இல், டோக்கியோவில். அதில் தங்கம் வென்ற ஜப்பான் பெண்களில் பெரும்பாலோர் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். பகலில் ஆலை, அதன்பின் இரவு நெடுநேரம் பயிற்சி. நம் நாட்டில் பெண்களுக்கு ரயில்வே வேலை ஒரு வழி. 2022இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் ஆண்களுக்கானது.

பஞ்சாலையால் முடிந்தது தேயிலைத் தோட்டத்தாலும் முடியும் என்று நான் நம்புகிறேன். ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பெண்களுக்கான வலை 2.24 மீட்டர் உயரம். எஸ்டேட்டை நடத்துகிறவர்களே, அவ்வளவு இடத்தைச் சமமாக வெட்டி, பனிமூட்டத்திலும் பந்து தெரிகிற மாதிரி ஒரு விளக்குப் போட்டுக் கொடுங்கள்.