பராமரிப்பவர் கண்ணில் நிரல்மொழி

நிரல்மொழி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, எழுதுவதற்கு எளிதா, விரைந்து இயங்குமா என்றே நாம் முதலில் பார்க்கிறோம். நிரலை எழுதுவது சில மாத வேலை. அதைத் திருத்திக் காப்பதோ ஆண்டுக்கணக்கில் நீள்வது. அந்த வேலை பெரும்பாலும் எழுதியவருக்கன்றி வேறொருவருக்கே வாய்க்கிறது.

கோபோல் மொழியை எடுத்துக்கொள்வோம். வணிகக் கணக்குகளுக்கென 1959-இல் ஒரு குழு கூடி வடிவமைக்கத் தொடங்கிய மொழி அது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபோல் அறிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அறுபதாண்டு கடந்தும் மொழி உழைத்துக்கொண்டுதான் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தாம் அருகிப்போயிருந்தார்கள்.

பைத்தானின் கதை வேறு. 2008 டிசம்பரில் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் பழைய நிரல்கள் பல அப்படியே இயங்கவில்லை. 7-ஐ 2-ஆல் வகுத்தால் இரண்டாம் பதிப்பு 3 என்றது, மூன்றாவது 3.5 என்கிறது. பிழைச்செய்தி ஏதுமின்றி விடை மட்டும் மாறுவது பராமரிப்பவருக்குப் பெருந்தொல்லை. 2015-இல் நிறுத்துவதாக இருந்த இரண்டாம் பதிப்பின் ஆதரவை 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் அந்த முறிவை முற்றாகக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. யுடிஎஃப்-8 முறையில் எழுதிய 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பழைய பைத்தான், பைட்டுகளை எண்ணி, 15 என்னும். புதியது 5 என்கிறது. மேல்விலங்கையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் வந்த கணக்கு அது. நமக்கோ மூன்றே எழுத்து. இருப்பினும் 15-ஐவிட 5 நமக்கு அருகில் இருக்கிறது.

மாறாத மொழியே நல்ல மொழி என்று இதனால் முடிவுகட்ட இயலாது. மாற்றத்தை முன்கூட்டியே அறிவிக்கிறார்களா, பழைய நிரலுக்கு உறுதிமொழி உண்டா என்றுதான் கேட்க வேண்டும். 2012-இல் வெளிவந்த கோ மொழியின் முதற்பதிப்பு, தன் வரையறைப்படி எழுதிய நிரல்கள் அவ்வரிசையின் பின்னைய வெளியீடுகளிலும் இயங்கும் என்று எழுத்திலேயே உறுதியளித்தது.

தமிழுக்கான மென்பொருள்களில் பல, ஓரிரு ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் எழுதியவை. அவர்கள் விலகிய நாளில் அவற்றை ஏற்க ஒருவர் வேண்டும். ஆகவே அத்தகைய பணிக்கு, நமக்குப் பிடித்த அரிய மொழியைவிட, கல்லூரி மாணவர் பலரும் கற்கும் மொழியே மேல் என்பது நம் எண்ணம்.