வெட்டுக்கிளிக்கு எல்லைக்கோடு ஏது?

2020 மே மாதக் கடைசி. கொரோனா ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் கிடந்த நேரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொட்டையடிப்பதாகச் செய்தி பரவியது. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கூட்டம் கூட்டமாகப் பறந்ததை டி.வி.யில் பார்த்திருந்த ஜனங்களுக்கு ஈரக்குலை நடுங்கியது. அரை ஏக்கரில் கத்திரி போட்டிருந்த ஒரு விவசாயி, கடனுக்கு ஒரு பாட்டில் பூச்சிமருந்து வாங்கி வைத்துவிட்டுத்தான் வேளாண்மை அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

உதவி வேளாண்மை அலுவலர் வந்து வேலியோரம் குனிந்து பார்த்தார். "ஐயா, மஞ்சளும் நீலமுமா வரி வரியா இருக்கு பாருங்க. இது எருக்கு வெட்டுக்கிளி. எருக்குதான் இதுக்குச் சாப்பாடு. பாலைவன வெட்டுக்கிளி வேற."

விவசாயி செல்போனை நீட்டினார். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த படம். ஒரு மரமே தெரியாத அளவுக்கு வெட்டுக்கிளி. "இது எந்த ஊர்ல, எந்தத் தேதியில எடுத்ததுங்க?" என்று அலுவலர் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. அனுப்பியவருக்கும் தெரியாது.

"சரிம்மா, அது இப்ப எங்க இருக்குன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி.

பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் காற்றோடு சேர்ந்து ஒரே நாளில் 100 முதல் 150 கிலோமீட்டர் போய்விடும். ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள கூட்டத்தில் 4 கோடி பூச்சிகள் இருக்கலாம். 35,000 பேர் ஒரு நாளில் சாப்பிடும் அளவை அது தின்றுவிடும். இந்த வேகத்துக்கு எந்த நாடும் தன் எல்லைக்குள் மட்டும் பார்த்துக்கொண்டு தப்பிக்க முடியாது. அதனால்தான் ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரையுள்ள நாடுகள், தங்கள் பாலைவனங்களில் பார்த்ததை ரோம் நகரிலுள்ள ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்புக்கு அனுப்புகின்றன. 1978 முதல் அங்கேதான் எல்லாம் ஒரே வரைபடத்தில் சேர்கிறது.

ஆய்வுக்குப் போகிறவர் ஜீப்பை நிறுத்தி, இறங்கி நடக்கிறார். கையிலுள்ள இ-லோகஸ்ட் என்ற கருவி அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளும். மண் ஈரம், பசுமை, இறக்கை முளைக்காத குஞ்சா, வளர்ந்ததா, தனியாகத் திரிகிறதா, கூட்டமா என்று அவர் பதிவு செய்கிறார். பூச்சியே இல்லையென்றால் 'இல்லை' என்றும் பதிகிறார். செல்போன் டவர் இல்லாத பாலைவனத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போகிறது. எங்கே மழை பெய்து பசுமை தட்டியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டிவிடும். ஆனால், அங்கே பூச்சி இருக்கிறதா என்று காலால் நடந்துதான் பார்க்க வேண்டும். ரோமிலிருந்து மாதாமாதம் வரும் அறிக்கையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம்.

நம் நாட்டில் இந்த வேலை 1939-ல் தொடங்கப்பட்ட வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்புடையது. ஜோத்பூரிலிருந்து பாலைவனத்தைக் கண்காணிக்கிறார்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1977 முதல் இந்திய, பாகிஸ்தான் வெட்டுக்கிளி அதிகாரிகள் ஜூன் முதல் நவம்பர் வரையான மாதங்களில் எல்லையில் சந்தித்துப் பேசும் வழக்கம் இருந்தது. இந்தப் பக்கம் முனாபாவ், அந்தப் பக்கம் கோக்ராபார். வரப்புத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள்கூட வாய்க்காலில் தண்ணீர் வருவதை மட்டும் குரல் கொடுத்துச் சொல்வதில்லையா, அது மாதிரி. 2020-ல் நேரில் போக முடியாதபோது இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் நான்கும் வாராவாரம் இணையவழியில் கூடின.

இவ்வளவு இருந்தும் 2020-ல் ஏன் அப்படி வந்தது? யாரும் நடந்து பார்க்காத ஓர் இடம் இருந்தது. 2018 மே மாதம் மெகுனு புயல், அக்டோபரில் லுபான் புயல். அரேபியாவின் 'ரப் அல் காலி' மணல்வெளியில் மழை கொட்டியது. மணல்மேடுகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி, பச்சை துளிர்த்தது. ஆளில்லாத அந்த இடத்தில் மூன்று தலைமுறை வெட்டுக்கிளிகள் யார் கண்ணிலும் படாமல் பெருகின. எண்ணிக்கை 8,000 மடங்கு கூடியதாகக் கணக்கிட்டார்கள். அடுத்து ஏமன். அங்கே சண்டை நடந்ததால் ஆய்வுக்குச் சரியாகப் போக முடியவில்லை. வரைபடத்தில் அந்த இடங்கள் வெறுமையாக இருந்தன. வெறுமையாக இருந்ததே தவிர, 'பூச்சி இல்லை' என்று யாரும் பார்த்துச் சொன்னதில்லை. அந்த வித்தியாசத்துக்குக் கென்யா விவசாயிகள் 70 ஆண்டுகளில் பார்க்காத விலையைக் கொடுத்தார்கள். ஒரு பகுதி ஈரான், பாகிஸ்தான் வழியாக ராஜஸ்தானுக்கு வந்தது. குஞ்சாக, இறக்கையில்லாமல் இருந்தபோதே பார்த்திருந்தால் மிகக் குறைந்த மருந்தில் முடிந்திருக்கும்.

அலுவலர் இதையெல்லாம் தன் செல்போனில் வரைபடத்தைக் காட்டிச் சொன்னார். கூட்டங்கள் இருக்கும் புள்ளிகள் எல்லாம் வடக்கே இருந்தன. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. விவசாயி விரலால் இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள், சீல் உடைக்காத பாட்டிலைக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பி எடுத்துக்கொண்டார். சாயங்காலம் சொந்தக்காரர்கள் குழுவுக்கு ஒரு படம் போனது. எருக்கிலையில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி. கீழே ஊர்ப் பெயர், தேதி, பிறகு ஒரு வரி: 'எருக்கில் இருக்கு. கத்திரியில் இல்லை. நடந்து பார்த்தாச்சு.'