ஒற்றியூர் எண்ணெயும் எண்ணூர் நீரும்

கலிய நாயனார் வரலாற்றைச் சைவ நன்மக்கட்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகர் மரபிற் பிறந்த அப்பெரியார், திருக்கோயிலின் உள்ளும் புறமும் விளக்கிட்டு வந்தார். செல்வம் தொலைந்தபின் பிறர் எண்ணெயை விற்றும், கூலிக்குச் செக்காடியும் அத்தொண்டினை விடாது நடத்தினார். அதற்கும் வழியற்றபோது எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்தார். ஒரு துளி எண்ணெயின் அருமையை அவரினும் அறிந்தார் யாவர்?

அவ்வூர்க்கு வடக்கே அணித்தாகவுள்ள எண்ணூரில் எண்ணெய் வேறொரு கோலங் கொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழை பொழிந்தகாலை, மணலித் தொழிற்பகுதியினின்றும் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றுட் புகுந்து, முகத்துவாரத்திற் கரிய படலமாய்ப் பரந்தது. படகும் வலையும் கறைபட்டன. அலையாத்தி மரங்களிற் பிசின்போல் ஒட்டியது. கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்தன. மீனவரே வாளிகொண்டு முகந்து பீப்பாய்களில் நிரப்பினர். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து விசாரணையை மேற்கொண்டது. 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் சிந்தியபோதும் வாளியே கருவியாயிற்று. ஏறக்குறைய ஏழாண்டு கழிந்தும் வாளி மாறவில்லை!

எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தமையின் உலகம் திரும்பிப் பார்த்தது. அனல்மின் நிலையச் சாம்பற்குழம்பு, பழுதுற்ற குழாய்களினின்று ஒழுகிக் கழியின் அடியிற் படிந்ததோ பல்லாண்டுச் செய்தி. அது குறித்துப் பேசினோர் சிலரே. இவ்வாற்றின் குறுக்கேதான் 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தது. மேலே சென்னைக்குக் குடிநீரெனக் காக்கப்படும் ஆறு, கீழே கேட்பாரற்றுக் கிடக்கின்றது.

சுற்றுச்சூழற் கல்வியைக் கட்டாயப் பாடமாக்குமாறு உச்ச நீதிமன்றம் 1991இல் பணித்தது. பாடமும் வந்தது. எனினும் நூல் பொதுமையிற் பேசும். தன் தெருச் சாக்கடை எக்கால்வாயிற் சேர்கின்றது, அக்கால்வாய் எவ்வாற்றில் விழுகின்றது என்பதை எண்ணூர்ச் சிறுவன் அறிதற்குப் பாட்டனாரின் படகே பள்ளி. நீரின் நிறமும் நாற்றமும் மாறுவதை அதிகாரிகட்கு முன்னரே உணர்பவர் அம்முதியோர்.

ஆடித் திங்கட் கேட்டை நாயனாரின் குருபூசை நாள். அன்று திருவொற்றியூரில் அக்கரைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, ஆற்றின் போக்கைத் தரையிற் கோலமாக வரையச் செய்தல் தகும். விளக்கின் எச்சத்தையும் பழந்திரியையும் திருக்குளத்தில் எறியும் அன்பரும் அவ்வவையில் இருப்பர். ஆலைகளை மட்டும் பழித்தல் அவர்க்கு எளிது. அவையில் முதற்பேச்சு மீனவ முதியோருடையதாகுக. சொற்பொழிவாளர் முறை பின்னர் வரட்டும்.