நெய்வேலிக்கு ஒரு மோட்டார் பிரயாணம்

மோட்டார் வைத்திருக்கும் பள்ளிக்கூட வாத்தியாரை ஊரார் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். "டியூஷனில் நல்ல வருமானம் போலிருக்கிறது" என்பது வண்டியைப் பார்க்காதவர்களின் அபிப்பிராயம். பார்த்தவர்களோ, "பாவம், நல்ல மனிதர்! தள்ளுவதற்கு நாமும் கொஞ்சம் கை கொடுப்போம்" என்பார்கள். அடியேன் இந்த இரண்டாவது அபிப்பிராயத்துக்கே பாத்தியப்பட்டவன்.

என் வண்டி 1985-ஆம் வருஷத்துப் பிரீமியர் பத்மினி. இத்தாலி தேசத்து பியட் வண்டியைப் பம்பாயில் சுதேசித் தயாரிப்பாகச் செய்துவந்தார்கள். 1974 முதல் அதற்குச் சித்தூர் ராணியின் பெயர். ராணி என்றால் ராணிதான். கியர்க் கம்பி காலடியில் கிடக்காது. ஸ்டியரிங் சக்கரத்தை ஒட்டி, கைக்கு எட்டும் மரியாதையான இடத்தில் இருக்கும். குளிர்காலத்துக் காலை வேளையில் சோக்கை இழுத்து, நாலு நல்ல வார்த்தை சொன்னால்தான் கண் விழிப்பாள். என் தகப்பனார் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1996-இல் இதை இரண்டாம் கையாக வாங்கினார். வாங்கிய அன்றே ஒரு நீளக் கணக்கு நோட்டும் வாங்கி, தேதி, ஓடிய கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், கொடுத்த ரூபாய் என்று நாலு பத்திகள் கோடு போட்டார். அவர் காலத்துக்குப் பிறகு வண்டியும் நோட்டும் என்னிடம் வந்தன. எங்கள் பத்மினி லிட்டருக்குச் சுமார் 12 கிலோமீட்டர் போவாள் என்று நான் சொல்வது வெறும் ஜம்பம் அல்ல. நோட்டில் சாட்சி இருக்கிறது.

இத்தனை பெருமையுள்ள வண்டியை விற்றுவிடுவது என்று சென்ற வருஷம் வீட்டில் தீர்மானமாயிற்று. தீர்மானித்தவள் பத்தாவது படிக்கும் என் பெண். "அப்பா, நீங்கள் வகுப்பில் காற்று மாசு பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள். வாசலில் வண்டியைக் கிளப்பினால் தெருவே இருமுகிறது. மின்சார வண்டி வாங்குங்கள். அதில் புகையே கிடையாது" என்றாள். பௌதிக வாத்தியாராகிய எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. பதினைந்து வயது தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டும். அந்தத் தவணையும் நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினேன். ஆனால் ஒரு நிபந்தனை. விற்பதற்கு முன்னால் பத்மினியை அவள் பிறந்தகமாகிய நெய்வேலிக்கு ஒரு தரம் அழைத்துப் போய் வரவேண்டும்!

*

விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி வழியாக நெய்வேலி ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நானும் பெண்ணும் புறப்பட்டோம். பண்ருட்டியைத் தாண்டினால் பூமி செம்மண்ணாகிவிடும். இரு பக்கமும் முந்திரித் தோப்புகள். சாலையோரத்தில் பலாப்பழங்கள் குட்டி யானைகளைப் போல் வரிசையாகப் படுத்திருக்கும். அந்த வாசனைக்காகவே கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போகலாம். குளிர்சாதன வண்டிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

காடாம்புலியூருக்கு அருகில் பத்மினியின் முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பிற்று. வண்டியின்மேல் குற்றமில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் புறப்பட்ட மகாபாவி நான்தான். பலாப்பழம் விற்ற அம்மாள் ஒருத்தி, கேட்காமலேயே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். "ஆறட்டும் சார், உடனே மூடியைத் திறந்துடாதீங்க. எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் கையைப் பொசுக்கிக்கிட்டாரு" என்று எனக்கே பாடம் சொன்னாள். அரை மணி நேரம் அவள் கடையில் உட்கார்ந்து சுளை தின்றோம். பழைய வண்டி வைத்திருப்பவனுக்குக் கிடைக்கும் சிநேகிதங்கள் புது வண்டிக்காரனுக்குக் கிடைப்பதில்லை என்பது என் வெகுநாளைய அபிப்பிராயம். பெண்ணிடம் இதைச் சொன்னேன். "தண்ணீர் பார்த்திருந்தால் சிநேகிதமே தேவைப்பட்டிராது, அப்பா" என்றாள்.

*

நெய்வேலி வளைவு வாயிலில் திரும்பி நகரியத்துக்குள் நுழைந்ததும், காலம் இருபத்தைந்து வருஷம் பின்னால் போயிற்று. பிளாக், பிளாக்காகப் பிரித்த ஊர். கோடு போட்டாற்போல் நேரான வீதிகள். தலைக்கு மேலே இரு பக்கத்து மரங்களும் கை கோத்துக்கொண்டிருக்கும் நிழல். மோட்டார் கற்றுக்கொள்வதற்கென்றே ஒரு ஊர் கட்டினால் இப்படித்தான் கட்டுவார்கள்.

1998-இல் இந்த வீதிகளில்தான் நான் வண்டி பழகினேன். குரு, எங்கள் பக்கத்து வீட்டு மாமா. சுரங்கத்தில் கனரக வண்டி ஓட்டியவர். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. இப்போது மந்தாரக்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருடைய போதனைகள் மூன்றே. "ஆரன் அடிக்கிறவன் தன் தப்பை ஊருக்குச் சொல்றான்." "பிரேக்குங்கிறது நிக்கிறதுக்கு இல்லே தம்பி, மெதுவாப் போகத் தெரியாதவனுக்கு." "சைக்கிள்ல போறவன் எப்பவும் சரி. கார்ல போறவன் எப்பவும் தப்பு." மூன்றாவது போதனையைச் சட்டப் புஸ்தகம் ஒப்புக்கொள்ளாது. ஆனால் மாறுதல் நேரத்துச் சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் புறப்படும் ஊரில், அதைவிட நல்ல சட்டம் வேறில்லை. இருபத்தைந்து வருஷமாக ஒருவரையும் இடிக்காமல் ஓட்டிவருகிறேன் என்றால், புண்ணியம் மாமாவுக்கு.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதுமே, "பத்மினி வந்தாச்சு! டாப்பெட் தட்டுது, கவனிக்கலையா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே மாமா கம்பை ஊன்றி வெளியே வந்தார். விற்கப்போகும் சமாசாரத்தை மெல்லச் சொன்னேன். மின்சார வண்டிக்குப் புகையே கிடையாது என்று என் பெண் எடுத்துச் சொன்னாள்.

மாமா சிரித்தார். "நல்லதும்மா. எங்க அப்பா காலத்திலே, யுத்தம் நடந்தப்போ, பெட்ரோல் கிடைக்கலேன்னு பஸ்ஸுக்கெல்லாம் முதுகிலே கரி அடுப்பு கட்டி ஓட்டினாங்க. மேட்டுக்கு வந்தா ஜனங்க இறங்கித் தள்ளணும். உன் வண்டிக்கும் கரி அடுப்பு இருக்கு. முதுகிலே இல்லே, அவ்வளவுதான். வா, காட்டறேன்" என்றார்.

*

அனுமதி பெற்று, சுரங்கத்தின் விளிம்பில் போய் நின்றோம். பார்த்தறியாதவர்களுக்கு இந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? சுரங்கம் என்றால் இருட்டுக் குகை என்று நினைக்க வேண்டாம். வானம் பார்த்த ஒரு மகா பள்ளம். எதிர்க்கரை வெயிலில் மங்கித் தெரிகிறது. படிப்படியாக வெட்டிய மண்சுவர்கள், அடியில் பழுப்பும் கறுப்புமாக நிலக்கரி. மாடி வீடுகளைக் காட்டிலும் உயரமான இயந்திரம் ஒன்று, வாளிகள் கட்டிய ராட்சதச் சக்கரத்தைச் சுழற்றி மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டியபோது, நீரோடு கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் ஆரம்பம். 1956-இல் நிறுவனம் ஏற்பட்டது. 1957-ஆம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நாலு வருஷம் மண்ணை வாரிய பிறகு 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. ஜெர்மானிய இயந்திரங்கள் வெட்ட, சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தந்தது. என் தகப்பனார் உழைத்த அந்த முதல் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. பிறகு வந்த நிலையங்கள் ஓடுகின்றன. சுதந்திர பாரதத்தின் விளக்குகளில் எத்தனையோ இந்தப் பள்ளத்திலிருந்து எரிந்தவை. அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு துளி பங்குண்டு என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

"உங்கள் சொந்த ஊர் எது, தாத்தா?" என்று என் பெண் கேட்டாள்.

மாமா கம்பை உயர்த்திப் பள்ளத்தின் நடுவே சுட்டினார். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் ஆகாசந்தான். "அதோ, அந்தப் பருந்து சுத்துதே, அதுக்குக் கொஞ்சம் கீழே. அங்கேதான் எங்க வீடு, ஐயனார் கோயில், கேணி எல்லாம். மண்ணு போயிட்டதாலே ஊரு ஆகாசத்திலே நிக்குது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "நானேதான் அந்த மண்ணை வண்டியிலே ஏத்திக்கிட்டுப் போனேன். சம்பளம் வந்தது, புள்ளைங்க படிச்சது. ஆனா வேலை கிடைச்சவன் நான். கிடைக்காதவனும் இருக்கான், பாரு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறக்கிக் கால்வாய் வெட்டியபோது எழுந்த கூக்குரல் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போது அதைத் தொலைக்காட்சியில் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு தூங்கப் போனவன்தான் நானும்.

*

திரும்பும் வழியில் என் பெண், "அடுப்பு எவ்வளவு பெரிதென்று கணக்குப் போடுங்கள், அப்பா" என்றாள். வாத்தியாரிடம் கணக்குக் கேட்டால் விடுவாரா? மர நிழலில் வண்டியை நிறுத்தித் தகப்பனாரின் நோட்டில் எழுதினோம்.

சிறிய மின்சார மோட்டார் 100 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 15 யூனிட் வேண்டும். நெய்வேலிக் கரியில் சரிபாதி ஈரம்; ஆகையால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ கரி எரிய வேண்டும். ஆக 15 கிலோ கரி. ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்குக் குறையாமல் மேல் மண்ணை அகற்ற வேண்டும். அந்தக் கணக்கில் 100 கிலோமீட்டர் சவாரிக்கு நூறு கிலோவுக்கு மேற்பட்ட மண் இடம் பெயர்கிறது. அது யாரோ ஒருவருடைய வயல் மண். கரியமில வாயுவைப் பார்த்தால், பத்மினி குடிக்கும் எட்டு லிட்டர் பெட்ரோலிலிருந்து 19 கிலோ வருகிறது. 15 கிலோ கரியிலிருந்து வருவதும் அதற்கு வெகுவாகக் குறைந்ததல்ல.

"அப்படியானால் மின்சார வண்டி வாங்க வேண்டாமா?" என்று கேட்ட பெண்ணின் முகம் வாடிப்போயிற்று.

அப்படியும் இல்லை. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் முழுதும் கரியில் பிறப்பதல்ல. ஆரல்வாய்மொழிக் காற்றும் கல்பாக்கத்து அணுவும் மலை அருவிகளும் அதில் கலந்திருக்கின்றன. நெய்வேலியிலேயே இன்று 130 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. வெயிலின் பங்கு கூடக்கூட, மின்சார வண்டி தானாகவே சுத்தமாகிக்கொண்டு வரும். பத்மினியோ என்றைக்கும் பெட்ரோல்தான் குடிப்பாள். ஆகையால் மாற்றுவது நியாயமே. ஆனால் "புகையே இல்லை" என்று மார்தட்டுவது மட்டும் நியாயமல்ல. புகை நம் தெருவில் இல்லை. வேறொருவர் ஊரில் இருக்கிறது. ஊரே இல்லாமற் போனவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் நோட்டைப் புரட்டும்போது கண்ணில் பட்டது. தகப்பனார் காலத்தில் மாதத்துக்கு நாலைந்து வரிகள்தான்; மருத்துவம், கல்யாணம், திருவிழா. என் கையெழுத்திலோ பக்கம் பக்கமாக "பள்ளிக்கூடம், 2 கி.மீ." என்றிருந்தது. வண்டி எதில் ஓடுகிறது என்பதைக் காட்டிலும், எதற்காக ஓடுகிறது என்ற கேள்வி பெரிதென்று அப்போது தோன்றிற்று.

*

மறு மாதம் மாமாவின் பேரன் வந்தான். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறவன். பத்மினியைக் கிடைத்த விலைக்கு அவனிடமே கொடுத்தேன். தெருமுனை திரும்பும்போது அவன் ஆரன் அடிக்கவில்லை. தாத்தாவின் சிஷ்யன் என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது வாசலில் நிற்பது மின்சார வண்டி. சத்தமே இல்லை, தெரு இருமுவதும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறேன். பழைய கணக்கு நோட்டில் பெட்ரோல் பத்தியை அடித்துவிட்டு, என் பெண் தன் கையெழுத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டிருக்கிறாள். முதல் வரி இது: "விழுப்புரம் - நெய்வேலி, தாத்தாவைப் பார்க்க. போக வர 108 கி.மீ. கரி, அதிகம் போனால் 16 கிலோ."