இரண்டாவது படகு

திருப்பூரின் பனியன் தொழிலாளர் குடும்பங்களில் 'ஒன்றரை ஷிப்டு' என்ற சொல்லை அறியாத குழந்தை இல்லை. காலை எட்டரை மணிக்கு உள்ளே செல்பவர் இரவு எட்டரை மணிக்கு வெளியே வருவதைக் குறிக்கும் சொல் அது. ஓவர்லாக் மிஷினில் தைப்பவரும், கட்டிங் மேசையில் நிற்பவரும், செக்கிங்கில் கண்ணை உறுத்திக்கொள்பவரும் அந்தக் கூடுதல் அரை ஷிப்டின் ஊதியத்தைத் தனியே எண்ணி வைப்பதுண்டு. பல வீடுகளில் அந்தப் பணம்தான் பிள்ளைகளின் படிப்பாக மாறுகிறது.

ஒரு தலைமுறைக்கு முன்பு இங்குள்ள பெண் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே கம்பெனி வாசல் திறந்திருந்தது. இன்று அதே வீட்டுப் பெண்கள் தொலைதூரப் பல்கலைக்கழகங்களின் விடுதிகளில் தங்கிக் கணிதமும் வேதியியலும் படிக்கின்றனர். பெற்றோர் விடுதிக் கட்டணம் கட்டும்போது உணவுக்கும் உறைவிடத்துக்கும் மட்டும் கட்டுவதில்லை. தம் வீட்டில் இல்லாத ஒன்றை, அமைதியாக அமர்ந்து படிக்கும் ஓரிடத்தை, விலை கொடுத்து வாங்குவதாகவே எண்ணுகின்றனர்.

அப்படி வாங்கிய இடத்தில் இன்று மேசையும் விளக்கும் மட்டும் போதுமா என்பதே என் கேள்வி. தேர்வு விண்ணப்பமும் கட்டண ரசீதும் பேராசிரியரின் பாடக்குறிப்பும் நூலகத்தின் ஆய்வேடுகளும் உதவித்தொகைக்கான படிவமும் இணையத்தின் வழியாகவே வந்து போகின்றன. விடுதியில் இணையம் தடைப்பட்டால் ஒரு பொழுதுபோக்கு மட்டும் நின்றுவிடுவதில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படி என்று சொன்னதற்கு அது ஒப்பாகும்.

என் அண்ணன் ஓவர்லாக் தையற்காரர். அண்ணி செக்கிங் வேலை செய்பவர். அவர்களுடைய மகள் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதியில் தங்கி முதுநிலைக் கணிதம் பயில்கிறாள். சென்ற ஆண்டு அவளைக் காணச் சென்றபோது, மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு முழுவதும் மாணவியர் வரிசையாக அமர்ந்திருந்தனர். மடியில் கணினி, பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி, சிலருக்குக் கொசுவத்திச் சுருள். ஏதேனும் போராட்டமோ என்று நினைத்தேன். "இல்லீங்க அத்தை, இங்க உக்காந்தாத்தான் நெட் கிடைக்கும்" என்றாள் அவள். வைஃபை பெட்டி தரைத்தளத்தில் காப்பாளர் அறைக்கு அருகே மாட்டப்பட்டிருந்தது. மேல் மாடிகளுக்கு அதன் அலை எட்டவில்லை. படிக்கட்டில் எட்டியதும் இரவு ஒன்பது மணிக்கு மேல் தளர்ந்துவிடும்.

அவள் கோடைக்காலப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கணிதத்தில் ஆய்வு செய்ய விரும்புவோருக்கு அது ஒரு நுழைவாயில். மதிப்பெண் பட்டியலின் கடைசித் தாள் துறையிலிருந்து இறுதி நாள் மாலையில்தான் கைக்கு வந்தது. இரவெல்லாம் படிக்கட்டில் அமர்ந்து அனுப்பிப் பார்த்தாள். திரையில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. விடுதிக் கதவு பூட்டப்பட்ட பின் வெளியே செல்லவும் வழியில்லை. நள்ளிரவோடு விண்ணப்பக் காலம் முடிந்தது. அந்த ஆண்டின் வாய்ப்பும் முடிந்தது.

செய்தி கேட்ட அண்ணன் அதிகம் பேசவில்லை. "பீஸ் டேமேஜ் ஆனா எங்ககிட்டக் காசு புடிக்கறாங்க. இதுக்கு யார்கிட்டப் புடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். விடுதிக் கட்டணத்தில் இணைய வசதிக்கென்று தனியே ஒரு தொகை வசூலிக்கப்பட்டிருந்தது என்பதை அவர் ரசீதில் பார்த்திருந்தார்.

கம்பியில்லா இணையத்தின் பிறப்பை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அது பல்கலைக்கழகத்தில்தான் முளைவிட்டது. பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் ஹவாய்த் தீவுகளில், ஒரு தீவில் இருந்த பல்கலைக்கழகக் கணினியைப் பிற தீவுகளில் இருப்போரும் பயன்படுத்த வேண்டும் என்று நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் விரும்பினர். 1971-ஆம் ஆண்டு வானொலி அலைகளின் மூலம் அதைச் செய்து காட்டினர். அதற்கு 'அலோகா' என்று பெயரிட்டனர். தொலைவில் இருப்பவர் விடுபட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த முறை அது. அதன் வழித்தோன்றலாகிய வைஃபை இன்று மூன்றாம் மாடியில் இருப்பவளையே எட்டாமல் நிற்கிறது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வைஃபையில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருந்து, வேறு யாரும் பேசவில்லை என்று செவிமடுத்து உறுதி செய்த பிறகே வாய் திறக்கும். இருவர் ஒரே வேளையில் பேசிவிட்டால் இருவரும் சற்று விலகி நின்று, மீண்டும் முயல்வர். பத்துப் பேருக்கு இது நல்லொழுக்கம். இருநூறு பேர் கூடினால் காத்திருப்பதிலேயே இரவு கழிந்துவிடும். தொலைவில், சுவருக்குப் பின்னால் இருக்கும் கருவி மெதுவாகத்தான் பேச முடியும். அது பேசி முடிக்கும்வரை அருகில் இருப்பவரும் காத்திருக்க வேண்டும். எனவே கடைக்கோடி அறையைக் கைவிட்டால் முதல் அறைக்கும் நலமில்லை.

கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் தளமும் இரும்பு அலமாரியும் அலையை விழுங்குகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம். சுவரைக் கடக்கும் வலிமை குறைவு. இவை போக, வெளியிலிருந்து விடுதிக்குள் வரும் கம்பியின் அளவும் உண்டு. நூறு மெகாபிட் இணைப்பை இருநூறு பேர் ஒரே நேரத்தில் பகிர்ந்தால் ஆளுக்கு அரை மெகாபிட்தான் தேறும். 'வைஃபை வசதி உண்டு' என்று விளம்பரத்தில் எழுதுவது எளிது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே பொறுப்பு.

மாணவியர் முறையிட்டபோது அலுவலகத்தில் கிடைத்த விடை நாம் எல்லோரும் கேட்டுப் பழகியதுதான்: "சினிமா பார்க்கத்தானே கேட்கிறீர்கள்?" இந்தக் கேள்வியில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இளையோர் இணையத்தில் பொழுதை இழப்பதும், சில வேளைகளில் தம்மையே இழப்பதும் பெற்றோர் அறிந்ததே. ஆயினும் சிலர் தவறாகப் பயன்படுத்துவர் என்பதற்காகக் கிணற்றை மூடுவதில்லை நாம்.

இந்த வழக்கு நீதிமன்றம் வரை சென்றதுண்டு. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் உள்ள கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில், நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் மாணவியர் கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அதற்கு இணங்காத ஃபஹீமா ஷிரின் என்ற இளநிலை மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2019 செப்டம்பர் 19 அன்று கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி. வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்றும், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனியுரிமையின் பகுதி என்றும் கூறி, மாணவியை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பணித்தார். அந்த வழக்கு தடை பற்றியது. நம் சிக்கல் குறைபாடு பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் கதவைப் பூட்டுவதும், கதவே வைக்காமல் சுவர் எழுப்புவதும் உள்ளே இருப்பவளுக்கு ஒரே பலனைத்தான் தருகின்றன.

நம் மாநிலமும் இதை அறியாததன்று. கொரோனாக் காலத்தில் வகுப்புகள் வீட்டுக்குள் வந்தபோது, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு இலவசமாகக் கிடைக்கும்படி 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு அட்டைகள் வழங்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. படிப்புக்கு இணையம் தேவை என்பதை அரசே ஏற்றுக்கொண்ட தருணம் அது. பெருந்தொற்று தணிந்தது; இணையவழிப் படிப்பின் தேவை தணியவில்லை.

திருச்சபை இக்கருவிகளை அஞ்சி ஒதுங்கியதில்லை. வானொலி இளமையாக இருந்தபோதே மார்க்கோனியைக் கொண்டு வத்திக்கான் வானொலியை அமைத்து, 1931 பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அதில் உரையாற்றினார். சமூகத் தொடர்புக்கான திருப்பீட ஆலோசனைக் குழு 2002-இல் இணையத்தின் அறநெறி பற்றி வெளியிட்ட ஏடு, இணையம் உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையே விரியும் பிளவைப் பொது நன்மைக்கு எதிரான ஒன்றாகக் காட்டியது. கணினியின் முன் அமர்ந்து நற்கருணை அற்புதங்களைத் தொகுத்த இளைஞர் கார்லோ அக்குத்திஸ் 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவருக்கு இணையம் கிடைத்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்தபோது எனக்குப் புதிதாக ஒன்று புலப்பட்டது. ஆண்டவரின் சொல்லை நம்பிச் சீமோன் வலை வீசுகிறார். மீன்கள் மிகுதியாகி வலை கிழியத் தொடங்குகிறது. அப்போது சீமோன் மீன்களைக் கடிந்துகொள்ளவில்லை. இத்தனை ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மற்றப் படகில் இருந்த தோழர்களுக்குச் சைகை காட்டி அழைக்கிறார். அவர்கள் வருகிறார்கள்; இரண்டு படகுகளும் நிரம்புகின்றன. வலை கிழியும் அளவுக்கு வரவு பெருகுவது அருளின் அடையாளம். அதற்கு மறுமொழி இரண்டாவது படகு.

நம் விடுதிகளில் படிக்க வரும் பிள்ளைகளின் பெருக்கமும் அத்தகைய அருளே. பனியன் கம்பெனியில் குனிந்த முதுகுகளின் மக்கள் பல்கலைக்கழகப் படியேறி வருகிறார்கள். வலை போதவில்லை என்றால் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நற்செய்தியின் வழியன்று.

என் அண்ணன் மகளும் அவளுடைய தோழியரும் செய்ததைச் சொல்ல வேண்டும். அவர்கள் கூச்சலிடவில்லை. ஒரு வாரம், இரவு பத்து மணிக்கு ஒவ்வோர் அறையிலும் இணையத்தின் வேகத்தை அளந்து, மூன்று மாடிகளின் வரைபடத்தில் அறை வாரியாகக் குறித்தனர். எந்த அறையில் சுழியம், எந்த மூலையில் சிறிது என்பது ஒரே தாளில் விளங்கியது. கட்டண ரசீதின் நகலையும் இணைத்துக் கொடுத்தனர். அதன் பிறகு யாரும் சினிமாவைப் பற்றிப் பேசவில்லை. சில மாதங்களில் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் கம்பி இழுத்துத் தனிப் பெட்டிகள் மாட்டப்பட்டன. மூன்றாம் மாடிக்கு இன்னும் வரவில்லை. அங்குள்ளவர்கள் இப்போது ஒரு மாடி மட்டும் இறங்கி வந்து அமர்கின்றனர். தவறிப்போன பயிற்சி தவறியதுதான். அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள்.

நம் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் பல ஊர்களில் மாணவியர் விடுதிகளை நடத்துகின்றன. அவற்றின் பொறுப்பாளர்கள் ஒரு மாலை மட்டும் கடைக்கோடி அறையில் அமர்ந்து ஒரு படிவத்தை அனுப்பிப் பார்க்கலாம். பெற்றோர், உணவு எப்படி என்று கேட்பதோடு, படிக்க இணையம் கிடைக்கிறதா என்றும் விடுதியில் கேட்கலாம். விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளைகளுக்காகப் பங்கு மன்றத்தில் ஒரு மேசையும் நல்ல இணைப்பும் மாலை வேளைகளில் திறந்திருக்கலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. கரையில் எங்கோ ஒரு படகு சும்மா நிற்கிறதா என்று பார்க்கும் கண்தான் தேவை.