ஆறரைக் கட்டையில் ஒரு கல்யாண பேண்டு

சென்னையிலிருந்து வந்த புறநகர் ரயில் திருத்தணியில் நின்றதும் முதலில் இறங்கியது ஒரு கறுப்புப் பெட்டி. பின்னாலேயே அதன் சொந்தக்காரி, ஒஹையோவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பெண். அவளுக்குப் பின்னால் அப்பா. தொண்ணூறுகளில் மென்பொருள் வேலைக்காக ஊரை விட்டவர். இடையில் சென்னை வரை வந்து திரும்பியதுண்டு, ஊருக்குள் கால் வைக்கவில்லை. அக்கா மகளுக்கு ஆனி மாதத்தில் கல்யாணம். தாய்மாமன் வராமல் எப்படி?

பெட்டிக்குள் கிளாரினெட். கல்யாணத்துக்கு வருகிற பிள்ளை இதை எதற்குச் சுமந்து வந்தாள் என்று அக்கா கேட்டார். "திரும்பிப் போனதும் பேண்டு கேம்ப், அத்தை. பிராக்டீஸ் விட்டுப் போயிடும்" என்றாள்.

அமெரிக்கப் பள்ளிகளில் கோடை விடுமுறை முடியும் தறுவாயில், ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலுமாக நடப்பது இந்த முகாம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில், மைதானத்தில் நடந்துகொண்டே வாசிக்கும் மாணவர் அணிக்கான பயிற்சி. காலையில், வெயில் ஏறுமுன், வாத்தியம் இல்லாமல் வெறும் நடை. எட்டு காலடியில் ஐந்து கஜம் கடக்க வேண்டும். அதாவது ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நடுப்பகலில் கிளாரினெட் ஓர் அறையில், டிரம்பெட் இன்னோர் அறையில், தாளக்காரர்கள் வெளியே ஒரு மூலையில். சாயங்காலம் எல்லோரும் ஒன்றாக மைதானத்துக்கு. எத்தனையாவது எண்ணிக்கைக்கு எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு குறிப்பு. ஒரு பிள்ளை அரை அடி தள்ளி நின்றாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஒரு பேண்டுக்கா இத்தனை பாடு?" என்றார் அத்தை.

மறுநாள் காலை மலைக்குப் போனார்கள். கார் ஏறும் பாதை இருந்தும் படியில்தான் ஏறினார்கள். 365 படி, வருடத்தின் நாளுக்கு ஒன்று. டிசம்பர் 31 அன்று படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும் படித்திருவிழாவைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சுவாமிகள். புத்தாண்டுக்கு வெள்ளைக்கார துரைமார்களைப் பார்த்து வணங்கப் போன கூட்டத்தை முருகன் பக்கம் திருப்பத்தான் அவர் அப்படிச் செய்தார் என்பார்கள்.

கடைவீதியில் இன்றைக்கும் பூக்காரம்மா தெலுங்கில் விலை சொல்கிறார், தமிழில் சில்லறை கேட்கிறார். ஊர் அப்படிப்பட்ட ஊர். ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. ஒஹையோக்காரரின் அப்பா பள்ளி முடித்த சான்றிதழில் சித்தூர் மாவட்டம் என்றுதான் இருக்கும்.

துரைமார்களை விட்டு இந்த மலைக்கு ஆட்களைத் திருப்பினார் ஒருவர். அதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால், துரைமார்களின் பாட்டைக் காது நிறைய வாங்கிக்கொண்டு இதே மலைக்கு வந்தவர் ஒருவர் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர். 1775இல் திருவாரூரில் பிறந்தவர், இளமையில் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தார். புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாசித்ததைக் கேட்டார். தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த கதை அங்கே தொடங்குகிறது. அண்ணன் அந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்ற பெயரில் ஏறத்தாழ நாற்பது கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டு 'ஸந்ததம் பாஹிமாம்' ஆனது. ஆங்கில நர்சரிப் பிள்ளைகளின் நட்சத்திரப் பாட்டு மெட்டில் 'சியாமளே மீனாக்ஷி'. காசிக்குப் போய்த் திரும்பிய பிறகு திருத்தணிக்கு வந்தார். கிழவர் உருவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டைப் போட்டதாகக் கதை. 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று மாயாமாளவகௌளையில் அவருடைய முதல் கிருதி பிறந்தது இங்கேதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு. பேண்டு செட் நேரத்தோடு வந்து மண்டப வாசலில் உட்கார்ந்திருந்தது. சிவப்புக் கோட்டு, தொப்பி மடியில். சைடு டிரம்மின் தோலைத் தட்டித் தட்டி முறுக்கிக்கொண்டிருந்தான் ஒரு பையன். பெண் தன் பெட்டியோடு போய் நின்றாள்.

"பாப்பா, உன்னுது என்ன சுருதி?" என்றார் மாஸ்டர்.

"பி ஃப்ளாட், அங்கிள்."

"ஆறரைக் கட்டை. நம்மளுதும் அதான். ஊது பார்க்கலாம்."

ரீடை நாக்கில் நனைத்துப் பொருத்திக்கொண்டு, அவள் தன் பள்ளியில் 'அமெரிக்கா' என்று பாடும் தேசபக்திப் பாட்டை வாசித்தாள். அதுவும் அந்த இங்கிலாந்து மெட்டேதான். மாஸ்டர் இரண்டாம் முறைக்கே சேர்ந்துகொண்டார். மத்திமம் வந்த இடத்தில் பழக்க தோஷத்தில் ஓர் அசைப்பு விழுந்தது. பெண் சிரித்துவிட்டாள். "சரி சரி, நேரா நிக்கணுமா?" என்று மறுபடி ஊதினார், இந்தத் தடவை ஸ்வரம் அசையவில்லை. சங்கராபரண ஸ்வரங்கள், கமகமே கிடையாது. இதே மெட்டில் தீட்சிதர் பாட்டு இருக்கிறது என்று ஒஹையோக்காரர் சொன்னபோது மாஸ்டர் நம்பவில்லை.

நம்ப வேண்டியது நாம்தான். 1905இல் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் தெலுங்கில் வெளியிட்ட 'பிரதமாப்யாச புஸ்தகமு' ஆரம்பப் பாடப் புத்தகம். நோட்டுஸ்வரங்களை அவர் அதில்தான் சேர்த்தார். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர ஏற்றவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே ஒஹையோவில், சின்சினாட்டியில் வாழும் இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன் இவற்றை மேற்கத்திய வாத்தியங்களோடு 'விஸ்மயா' என்று பதிவு செய்தார். அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்தப் பாட்டுகள் திருத்தணிப் பிள்ளைகளின் வாயிலும் வர வேண்டாமா?

மே மாதத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கும். ஊரில் நாகஸ்வரக்காரர் இருக்கிறார், தவில்காரர் இருக்கிறார், பேண்டு மாஸ்டர் இருக்கிறார். நாலு வகுப்பறை, பத்து நாள், நோட்டுஸ்வரத்தில் பத்து உருப்படி. ஒரு கோடை முகாமுக்கு இது தாராளம். வெளிநாட்டில் இருந்துகொண்டு திருத்தணியைச் சொந்த ஊர் என்று சொல்லும் அன்பர்கள் அடுத்த முறை வரும்போது, தங்கள் பிள்ளைகள் வாசித்துவிட்டு மூலையில் வைத்த கிளாரினெட்டையோ டிரம்பெட்டையோ எடுத்து வாருங்கள். முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்து முகாமுக்குக் குறித்து, மாஸ்டர்களுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.